டேக் இணைந்த பிளாஸ்மிட்டுகளைக் குறைந்த செலவில் பெறுதல்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மூலக்கூற்று உயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். பிளாஸ்மிட் என்பது பற்றீரியாவில் பெருகும் சிறு வளைய டி.என்.ஏ.; பரம்பரையலகைச் செருகிக் கலத்துக்குள் கொண்டு செல்ல அதைப் பயன்படுத்தும்போது வெக்டர் என்கிறோம். டேக் என்பது ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கவோ அடையாளம் காணவோ அதனுடன் இணைக்கும் பகுதி.

பட்டப்பின்படிப்பு மாணவி, திருநெல்வேலி: சேர், ஒரு பற்றீரியப் புரதத்தை ஹிஸ் டேக்குடன் உற்பத்தி செய்ய வேண்டும். நிறுவனங்கள் வெறும் வெக்டருக்கே பல நூறு டொலர் கேட்கின்றன. வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் உங்கள் பீடத்தின் ஃபிரீசர்களில் என்ன இருக்கிறது என்று கேட்டறியுங்கள். பெட்-28ஏ போன்ற வெக்டர் யாரோ ஒருவரின் பழைய பெட்டியில் கிடப்பது வழமை. அங்கே இல்லையெனில் அட்ஜீன் களஞ்சியத்தை நாடலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004 இல் தொடங்கப்பட்ட இந்த இலாப நோக்கற்ற நிறுவனம், ஆய்வாளர்கள் வைப்பிலிட்ட பிளாஸ்மிட்டுகளைப் பல்கலைக்கழகங்களுக்கு வணிக விலையின் ஒரு பங்குக்கே வழங்குகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டி.என்.ஏ.எஸ்.யு. களஞ்சியமும் இத்தகையதே.

உங்கள் தேவைக்கு பிநிக்28-பிஎஸ்ஏ4 என்ற வெக்டரைப் பரிந்துரைப்பேன். அதில் ஹிஸ் டேக்கை அடுத்து, டேக்கைப் பின்னர் அகற்ற உதவும் டெவ் என்ற நொதியம் வெட்டும் இடம் அமைந்திருக்கிறது. பரம்பரையலகு செருகப்படாத வெற்று வெக்டரில் சாக்-பி என்ற பகுதி எஞ்சியிருப்பதால், சுக்குரோசு கலந்த தட்டில் அதைக் கொண்ட கலங்கள் இறந்துவிடுகின்றன. எனவே பயனற்ற கொலனிகளைத் தேடி நாளை வீணாக்க வேண்டியதில்லை. டெவ் நொதியத்தையும் விலைக்கு வாங்காதீர்கள். பிஆர்கே793 என்ற பிளாஸ்மிட்டை அதே பொதியில் சேர்த்து வரவழைத்தால், அந்த நொதியத்தை உங்கள் ஆய்வுகூடத்திலேயே உற்பத்தி செய்துகொள்ளலாம்.

பிளாஸ்மிட் வழக்கமாக ஏகார் ஊடகத்தில் வளர்ந்த பற்றீரியாவாகச் சிறு குப்பியில், அறை வெப்பநிலையிலேயே வந்து சேரும். தாமதம் பெரும்பாலும் கையொப்பத்தில்தான் ஏற்படுகிறது: பொருள் கைமாற்று ஒப்பந்தத்தில் ஆய்வாளரன்றிப் பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற அலுவலரே ஒப்பமிட வேண்டும். ஆகவே அதையும், இறக்குமதி அனுமதி பற்றிய விசாரணையையும் பணம் செலுத்துவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

விரிவுரையாளர், கிளிநொச்சி: ஹிஸ், ஜி.எஸ்.டி., எம்.பி.பி. ஆகிய மூன்று டேக்குகளில் எது மலிவானது?

மூன்று பிளாஸ்மிட்டுகளின் விலையும் ஏறத்தாழ ஒன்றே. பணத்தை விழுங்குவது அதற்குப் பின் வரும், டேக்கைப் பற்றிப் புரதத்தைப் பிடித்துவைக்கும் ரெசினும், டேக்கை அடையாளம் காணும் பிறபொருளெதிரியுமே. இதை முதலிலேயே கணக்கிடாமல் டேக்கைத் தெரிவு செய்வது, வீட்டை வாங்கிவிட்டுக் கிணற்றைத் தேடுவது போலாகும். ஹிஸ் டேக்கின் ஆறு ஹிஸ்டிடீன்களும் சேர்ந்து ஒரு கிலோடால்டனுக்கும் (மூலக்கூற்று எடையின் அலகு) குறைவு. அதற்குரிய நிக்கல் ரெசினை, நிக்கலை அகற்றும் ஈ.டி.டி.ஏ. கொண்டு கழுவி, நிக்கல் சல்பேற்றினால் மீள ஏற்றிப் பல தடவைகள் பயன்படுத்தலாம். புரதத்தை வெளியேற்றும் இமிடசோலும் மலிவானது. ஜி.எஸ்.டி. (குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேசு என்ற நொதியம்) 26 கிலோடால்டன் எடையுள்ளது. அதை வெளியேற்ற ஒடுக்கப்பட்ட குளுட்டாதயோன் தேவைப்படுவதுடன், அக்கரைசலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்கவும் வேண்டும். ஏறத்தாழ 42 கிலோடால்டன் கொண்ட எம்.பி.பி. (மோல்ற்றோசைப் பிணைக்கும் புரதம்), கரையாமல் படியும் புரதங்களைப் பல சமயங்களில் கரைய வைக்கிறது; வெளியேற்ற மோல்ற்றோசு போதும். ஆனால் ஈ.கோலையின் அமைலேசு நொதியம் எம்.பி.பி.க்குரிய அமைலோசு ரெசினைச் சிதைக்கக்கூடும் என்பதால், அந்நொதியத்தின் உற்பத்தியை அடக்க வளர்ப்பு ஊடகத்தில் 0.2 சதவீத குளுக்கோசு சேர்க்க மறவாதீர்கள். என் தெரிவு ஹிஸ்தான். புரதம் கரையவில்லை என்று கண்ட பின்பே எம்.பி.பி.க்குச் செல்வேன்.

இறுதியாண்டு மாணவர்: பெட்-28ஏ இல் செருகிய பரம்பரையலகு டி.எச்.5-அல்ஃபா என்ற ஈ.கோலை கலங்களில் புரதம் தரவில்லை. வெக்டர் பழுதா?

இல்லை. இந்த வெக்டரில் பரம்பரையலகை இயக்கும் டி7 ஊக்கியை வாசிக்கும் பொலிமரேசு நொதியம் அக்கலங்களில் கிடையாது. அந்நொதியம் உள்ள பிஎல்21-டிஈ3 கலங்களுக்கு மாற்றுங்கள்.

ஆய்வு உதவியாளர், யாழ்ப்பாணம்: முலையூட்டிக் கலங்களுக்கு ஃபிளாக் டேக் உள்ள பிளாஸ்மிட் தேவைப்படுகிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

உங்களிடம் முலையூட்டிக் கலங்களில் இயங்கும் சி.எம்.வி. ஊக்கியுள்ள பிசிடிஎன்ஏ3.1 வெக்டர் இருந்தால் தேவையில்லை. ஃபிளாக் டேக் எட்டு அமினோவமிலங்களே; அதற்குரிய 24 டி.என்.ஏ. அடிகளை, பி.சி.ஆர். இல் பயன்படும் குறுகிய டி.என்.ஏ. துண்டான பிரைமரின் முனையில் சேர்த்து எழுதி, பி.சி.ஆர். மூலம் பரம்பரையலகுடன் இணைத்துவிடலாம். எனினும் இங்கும் பிறபொருளெதிரியின் விலையை எண்ணிப் பாருங்கள். மிக் என்ற மற்றொரு சிறு டேக்கை அறியும் 9ஈ10 பிறபொருளெதிரி, அயோவா பல்கலைக்கழகத்தின் இலாப நோக்கற்ற ஹைபிரிடோமா (பிறபொருளெதிரி சுரக்கும் கலங்கள்) வங்கியில் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், ஃபிளாக்கைத்தான் பயன்படுத்த வேண்டுமென்ற கட்டாயம் இல்லாவிடில் மிக் டேக்கே சிக்கனமானது.

அதே விரிவுரையாளர்: கொழும்பில் உள்ள நண்பர் அட்ஜீனிலிருந்து பெற்ற பிளாஸ்மிட்டை எனக்கு அனுப்பலாமா?

வழமையான ஒப்பந்தம் அதற்கு இடம் தருவதில்லை. அதை உருவாக்கிய ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி இணக்கத்தைக் கேளுங்கள்; பலர் மறுப்பதில்லை. அவரே நேரடியாக அனுப்ப முன்வந்தால் குளிரூட்டிய பொதி வேண்டியதில்லை. தூய டி.என்.ஏ.யின் ஒரு துளியை வடிதாளில் உலர்த்தி, பென்சிலால் வட்டமிட்டுச் சாதாரணக் கடித உறையில் அனுப்பச் சொல்லுங்கள். தாளை வெட்டிச் சிறிதளவு தாங்கற்கரைசலில் ஊறவைத்து, அக்கரைசலைக் கொண்டே கலங்களை மாற்றமுறச் செய்யலாம், அதாவது பிளாஸ்மிட்டை அவற்றுக்குள் புகுத்தலாம்.

பட்டப்பின்படிப்பு மாணவி: வந்து சேர்ந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும், சேர்?

குப்பியிலிருந்து நேரடியாகத் திரவ ஊடகத்தில் வளர்க்காமல், உரிய நுண்ணுயிர்கொல்லி கலந்த தட்டில் இழுத்துத் தனிக் கொலனியைப் பெறுங்கள். அதிலிருந்து பிரித்த பிளாஸ்மிட்டை, குறித்த இடங்களில் டி.என்.ஏ.யை வெட்டும் கட்டுப்பாட்டு நொதியங்களால் வெட்டி வரைபடத்துடன் ஒப்பிட்ட பின், கிளிசரோல் கலந்து உறையவைத்த பற்றீரிய இருப்பை இரு வேறு ஃபிரீசர்களில் வையுங்கள். மின்வெட்டு நீளும் நாளில் அவை இரண்டும் கைவிடக்கூடும் என்பதால், உலர்ந்த வடிதாள் பிரதி ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருப்பதும் நல்லது.