பயணிகள் ரயிலுக்கான செலவை மத்திய அரசும் மாநிலங்களும் எப்படிப் பிரித்துக்கொள்கின்றன?

எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி கிடையாது. செலவைப் பிரிக்கும் எல்லைக் கோடு எங்கே என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவில் தூரம்தான் கணக்கு. 2008-ல் வந்த சட்டப்படி, 750 மைலுக்கு உட்பட்ட ஆம்ட்ராக் (அந்நாட்டின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனம்) தடங்களில் டிக்கெட் வருமானம் போக மீதமுள்ள செலவை அந்தந்த மாநிலங்கள் ஏற்க வேண்டும். 2013 அக்டோபரில் இது நடைமுறைக்கு வந்தது. அதைவிட நீண்ட தடங்கள் மத்திய அரசின் பொறுப்பு. பாஸ்டன்–வாஷிங்டன் தடத்துக்குத் தனி ஏற்பாடு. மாநிலங்கள் செலவை ஏற்கும் முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. மாநில பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலோ, அரசுக்கு மனமில்லாமல் போனாலோ ரயிலே நின்றுவிடும். 2019-ல் இண்டியானா மாநிலம் நிதியை நிறுத்தியதும் 'ஹூசியர் ஸ்டேட்' ரயில் அப்படித்தான் நின்றது.

ஜெர்மனியில் 1996 முதல் உள்ளூர் ரயில்களைத் திட்டமிட்டு ஒப்பந்தம் போடுவது மாநிலங்கள்; அதற்கான பணத்தில் பெரும்பகுதியைத் தருவது மத்திய அரசு, அதுவும் சட்டப்படி. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. எந்த ஊருக்கு எத்தனை ரயில் தேவை என்பது மாநிலத்துக்குத்தானே தெரியும்? ஆனால் அங்கே நெடுந்தூர ரயில்கள் சொந்த வருமானத்தில் ஓட வேண்டும் என்பதால், சில நடுத்தர நகரங்கள் அவற்றை இழந்தன.

அப்புறம், தண்டவாளம் தனிக் கணக்கு. ஜெர்மனியில் அந்த முதலீட்டின் பெரும்பங்கு மத்திய அரசுடையது.