கடைப் படிப்பு கடைக்கு உதவுமா?

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். சில்லறை வியாபாரத்தில் இறங்க ஆசை. கடையில் நின்றே பழகலாமே என்கிறார் அப்பா.
– மாணவி, பரந்தன்

பதில்: தங்கச்சி, அப்பா சொல்வது பாதி சரி. நானும் பதினாறு வயதில் கிளிநொச்சிப் பலசரக்குக் கடையொன்றில் நின்று பழகியவன்தான். 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்றால் லாபம் கொள்விலையில் 25 வீதம், விற்பனை விலையில் 20 வீதம். இதைக் குழப்பி, விற்பனை விலையிலேயே 25 வீதம் லாபம் இருக்கிறது என்று நினைத்து, சொந்தக் கடையில் ஒரு வருடம் விலைக்கழிவு கொடுத்தே நட்டப்பட்டேன். புதுப் பால்மாவை முன்னுக்கு அடுக்குவேன். பழையது பின்னுக்குக் கிடந்து திகதி முடிந்துவிடும். முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பதை வகுப்பில் ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதற்கு நாலு பெட்டி பால்மா செலவானது.

உள்ளகப் பயிற்சி கிடைத்தால் காசாளர் மேசையோடு நின்றுவிடாதீர்கள். சாமான் இறக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியை எண்ணிப் பற்றுச்சீட்டோடு ஒப்பிடும்போதுதான் குறைவது எங்கே என்று தெரியும்.

சரி, கடன் கொப்பி? காலபோக நெல் வெட்டும்வரை யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மட்டும் அப்பாவிடமே கேளுங்கள்.