எட்டு லட்டு, காலித் தட்டு

(காரிமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதினது. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.)

வணக்கம் அண்ணா,

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. போன தடவை தர்மபுரி புத்தகத் திருவிழாவுக்கு கூட்டிட்டுப் போய் ஆயிரம் ரூபாய்க்கு மேல புக்ஸ் வாங்கினேன். தலைவர்கள் வரலாறு, நூறு நீதிக்கதை, தன்னம்பிக்கை புக்குன்னு எல்லாம் நானே பார்த்துப் பார்த்து எடுத்தது. ஒண்ணையும் தொடல. ஆனா எங்க மாமனார் வச்சிருந்த பழைய அம்புலிமாமா பைண்டிங் ஒண்ணு பரண்ல கிடைச்சுது, அட்டை கூட இல்ல, அதுல வர்ற வேதாளக் கதையவே திரும்பத் திரும்பப் படிச்சிட்டு ஆயாகிட்ட போய் கேள்வி கேட்டு உயிர எடுக்கிறா. இன்னொண்ணு ஸ்கூல் மிஸ் குடுத்த டோட்டோ சான். அதுலயும் அந்தப் பொண்ணு கக்கூஸ் குழியில பர்ஸ் தேடுற பக்கம்தான் அவளுக்கு வேணும், படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. இவங்க அப்பா ஓசூர்ல கம்பெனி வேலை, வாரக் கடைசிலதான் வருவார். 'படிச்சதையே படிக்கிறதுக்கு எதுக்கு புக்கு, அதுவும் கக்கூஸ் கதை'ன்னு சத்தம் போடுறார். அப்படி என்னண்ணா இருக்கு அந்த புக்குல? தடுக்கணுமா, விட்டுடலாமா? நீங்க சின்ன வயசுல என்ன படிச்சீங்க? அடுத்து என்ன வாங்கறதுன்னும் சொல்லுங்க.

---

வணக்கம்மா,

முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு பதில் சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கேள்விய நிறைய அப்பாக்கள் கேக்குறாங்க. நம்ம பக்கத்துல பாரதக் கூத்து பார்க்காத ஆள் இருக்க மாட்டார், அவரும் பார்த்திருப்பார். துரியோதனன் படுகளத்துல விழப்போறான்னு தெரியாம யாராவது போய் உட்கார்ந்திருக்காங்களா, போன வருஷமும் விழுந்தான், அதுக்கு முந்தின வருஷமும் விழுந்தான், இருந்தும் ராத்திரி பூரா கண்ணு முழிச்சு உட்கார்ந்து விடியக்காலையில அவன் விழுறதப் பார்த்துட்டுத்தான் ஜனம் எந்திரிக்குது. என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கவா போறாங்க? தெரிஞ்சது இப்ப வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருக்கறதுலதான் ருசி. உங்க பொண்ணு செய்யறதும் அதுதான். குழந்தைங்க ஒரு புத்தகத்த பிடிச்சிருக்குன்னு வாயால சொல்ல மாட்டாங்க, மறுபடி எடுப்பாங்க, அவ்வளவுதான் அவங்க விமர்சனம். அதனால தடுக்காதீங்க.

சரி, அந்த பைண்டிங்குல என்ன இருக்குன்னு கேட்டீங்க இல்ல. அம்புலிமாமா 1947 ஜூலைல ஆரம்பிச்சது, நாகிரெட்டியும் சக்கரபாணியும், தெலுங்குல சந்தமாமா தமிழ்ல அம்புலிமாமா, ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, அப்புறம் கன்னடம் இந்தின்னு வரிசையா. இத ஏன் சொல்றேன்னா நம்ம தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசிட்டு ஸ்கூல்ல தமிழ் படிக்கிற பிள்ளைங்க எவ்வளவு பேர், அவங்களுக்கு ஒரே வேதாளம் ரெண்டு பாஷையில கிடைச்சுது. அந்த வேதாளக் கதைக்கு சங்கர் வரைஞ்ச படம் இருக்கே, ஒரு கையில வாள், தோள்ல பொணம், ராஜா சுடுகாட்டுல நடக்கிறார், அந்த மனுஷன் 2020ல காலமானப்ப இணையத்துல எல்லாரும் அந்த ஒரு படத்தத்தான் போட்டாங்க. மாசாமாசம் ஆரம்பம் அதே படம், முடிவும் அதே முடிவு, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடும்.

ஆனா நடுவுல இருக்குது பாருங்க விஷயம். ராஜா வாய தொறந்தா பொணம் கைய விட்டுப் போயிடும். பதில் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தா தலை வெடிச்சிடும். இப்படி ஒரு இக்கட்டுல ராஜாவ நிறுத்தி வச்சிட்டு வேதாளம் கேள்விய கேக்குது பாருங்க, அப்ப படிக்கிற பிள்ளை சும்மா இருக்குமா? அடுத்த பக்கம் திருப்பறதுக்குள்ள தானே ஒரு தீர்ப்பு சொல்லிடும். சில சமயம் ராஜா சொல்ற பதில் அதுக்குப் பிடிக்காது. தியாகம் பண்ணினவங்கள்ல யாரு பெரியவங்கன்னு கேட்டா ராஜா ஒருத்தன சொல்வார், நமக்கு இன்னொருத்தன்மேலதான் பாவமா இருக்கும். உங்க பொண்ணு ஆயாகிட்ட போய் நிக்கிறது அதுக்காகத்தான் இருக்கும், மேல் கோர்ட்டுக்குப் போறா! ஒரு விஷயம் தெரியுமா, சமஸ்கிருத மூலத்துல 25 கதைங்க, கடைசிக் கதையோட கேள்விக்கு விக்கிரமாதித்தனுக்கே பதில் தெரியாது, பேசாம நடப்பார், அதோட வேதாளம் அடங்கிடும். அம்புலிமாமாவுக்கு மாசம் தவறாம கதை வேணுமே, அதனால 25 தாண்டியும் புதுசு புதுசா எழுதி வருஷக்கணக்கா ராஜாவ நடக்க விட்டுட்டாங்க.

(அந்த பைண்டிங்க புது பைண்டிங்குக்கு குடுக்காதீங்க, ஓரத்த வெட்டறேன்னு எழுத்தையும் சேர்த்து வெட்டிடுவாங்க. செல்லோ டேப்பும் வேணாம். ஊசி நூல் வச்சு தச்சு ஒரு கெட்டி அட்டை போட்டா போதும்.)

இப்ப கக்கூஸ் கதைக்கு வருவோம். அது கதையே இல்ல, நடந்தது. டெட்சுகோ குரோயாநாகி ஜப்பான்ல பெரிய டிவி பிரபலம், அவங்க தன் சின்ன வயசப் பத்தி எழுதி 1981ல வந்த புத்தகம், டோட்டோங்கிறது அவங்களேதான். ஒண்ணாங்கிளாஸ்லயே ஸ்கூல விட்டு அனுப்பிட்டாங்க, டெஸ்க் மூடிய திறந்து திறந்து மூடுறா, ஜன்னல்ல நின்னு தெருவுல போற பாட்டுக்காரங்கள கூப்பிடறான்னு. அதுக்கப்புறம் போன இடம் டோமோயிங்கிற ஸ்கூல், ரயில் பெட்டியிலதான் கிளாஸ் ரூம். கிருஷ்ணகிரி டவுன்ல ரயிலே கிடையாது, அங்க உட்கார்ந்து இத எழுதுறேன், எனக்கே ஆசையா இருக்குன்னா பிள்ளைங்களுக்கு எப்படி இருக்கும். முதல் நாளே ஹெட்மாஸ்டர் கோபயாஷி, உனக்கு என்ன சொல்லணுமோ சொல்லும்மான்னு உட்கார்ந்து நாலு மணி நேரம் கேக்குறார். நாலு மணி நேரம்மா! நம்ம வீட்டுல ஒரு பிள்ளை பேசறத அஞ்சு நிமிஷம் போன பார்க்காம யாரு கேக்குறோம்.

உங்க பொண்ணுக்குப் பிடிச்ச பக்கத்துல நடக்கிறது இதுதான். பர்ஸ் குழியில விழுந்துடுச்சு, டோட்டோ நீளக் கரண்டி ஒண்ண எடுத்து குழிய காலி பண்ண ஆரம்பிச்சிடறா, பக்கத்துல குவியல் ஏறுது, ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கம் வர்றார், என்ன பண்றேன்னு கேக்குறார், சொல்றா, ஓஹோன்னு கைய பின்னால கட்டிட்டு போயிடறார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்து குவியலப் பார்த்துட்டு, முடிஞ்சதும் எல்லாத்தையும் திரும்ப உள்ள போட்டுடுவ இல்லன்னு மட்டும் கேக்குறார். அவ்வளவுதான். திட்டும் இல்ல, உதவியும் இல்ல, ஸ்கூல் ஆயாவ கூப்பிட்டு கழுவி விடச் சொல்றதும் இல்ல. பர்ஸ் கிடைக்கல, ஆனா டோட்டோ எல்லாத்தையும் ஒழுங்கா திரும்பப் போட்டு மூடறா. பிள்ளைங்க சிரிக்கிறது கக்கூசுக்கு, சந்தேகமே இல்ல, ஆனா திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்துக்குப் போறது அந்த ஹெட்மாஸ்டர் திட்டுவாரா திட்டுவாரான்னு பார்த்துட்டு, திட்டாம போறத இன்னொரு தடவை பார்க்கத்தான்னு நான் நினைக்கிறேன். அந்த ஸ்கூல் 1945ல குண்டு வீச்சுல எரிஞ்சு போச்சு. அது புத்தகத்தோட கடைசில வரும், அங்க வரும்போது கொஞ்சம் பக்கத்துல இருங்க.

வேதாளமும் டோட்டோவும் வேற வேற உலகம், ஆனா ரெண்டுலயும் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கு. ஒண்ணுல தீர்ப்பு சொல்லணும், இன்னொண்ணுல அடி விழுமான்னு மூச்ச பிடிச்சுக்கிட்டு நிக்கணும். நீங்க வாங்கின நூறு நீதிக்கதைல அந்த வேலை இல்லம்மா, தீர்ப்பு கட்டம் கட்டி கீழ போட்டிருப்பான். முடிவு முன்னாடியே தெரிஞ்சா பிள்ளைங்க ஓடறதில்ல, புத்தி சொல்ல வர்றாங்கன்னு தெரிஞ்சாதான் ஓடறாங்க. அழ. வள்ளியப்பாவ எடுத்துக்கோங்க, பேங்க்ல வேலை பார்த்துக்கிட்டே குழந்தைங்களுக்கு எழுதினவர். அவரோட லட்டு பாட்டு தெரியாத வீடு இல்ல. தட்டு நிறைய எட்டு லட்டு, அண்ணன் நாலு, தங்கச்சி நாலு, கடைசில காலித் தட்டு. முடிஞ்சுது! அம்மாவ கேக்காம எடுக்கலாமான்னு இல்ல, இனிப்பு தின்னா பல்லு சொத்தையாகும்னு இல்ல, பிறருக்கும் பகிர்ந்து கொடுன்னு இல்ல. இன்னைக்கு ஒருத்தர் அந்தப் பாட்ட புதுசா எழுதிட்டு வந்தா கடைசி வரியில கருத்து எங்கன்னு கேட்டே திருப்பி அனுப்பிடுவோம்னு நினைக்கிறேன்.

தலைவர்கள் புத்தகத்த தூக்கிப் போட்டுடாதீங்க, எட்டாவது ஒன்பதாவது வரும்போது தானா எடுப்பா. தன்னம்பிக்கை புக்க என்ன வேணா பண்ணுங்க.

நான் என்ன படிச்சேன்னா, வெட்கப்படாம சொல்றேன், இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ், சிவகாசில இருந்து வரும், 1972ல முதல் இதழே மாயாவிதான். கரண்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு இரும்புக் கை மட்டும் தெரியும். சித்தப்பா பெரியப்பா அத்தைன்னு திரும்பின பக்கமெல்லாம் 'எங்கடா போற'ன்னு கேக்குற வீட்டுல வளர்ந்தவனுக்கு, யார் கண்ணுக்கும் தெரியாம இருக்கிறத விட பெரிய சந்தோஷம் எது. அதுல இலக்கியம் இருந்துச்சான்னு கேட்டா சொல்ல மாட்டேன். அம்மா பிளக் பாயிண்ட் பக்கம் என்ன விட மாட்டாங்க, அது நல்லா ஞாபகம் இருக்கு.

அடுத்து என்ன வாங்கறதுன்னு கேட்டீங்க. அரசுப் பள்ளின்னா காசே வேணாம், ஊஞ்சல் இதழ் நாலு அஞ்சாம் வகுப்புக்குன்னே வருது, அரசு நடத்துற வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா சின்னச் சின்ன புக் போட்டிருக்காங்க, மிஸ்கிட்ட கேளுங்க, டோட்டோ சான் குடுத்த மிஸ்னா விவரமானவங்கதான். அடுத்த புத்தகத் திருவிழாவுக்கு போகும்போது பணத்த அவ கையில குடுத்துட்டு நீங்க டீ குடிக்கப் போயிடுங்க. அட்டையில யானை இருக்குன்னு எடுத்தாலும் எடுக்கட்டும், முதல் ரெண்டு பக்கத்த ஸ்டால்லயே நின்னு படிச்சுப் பார்த்து எடுன்னு மட்டும் சொல்லி விடுங்க.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு சொல்றேன். 'அப்பா சிறுவனாக இருந்தபோது'ன்னு அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதினது, சோவியத் காலத்துல தமிழ்ல வந்துச்சு, பழைய ரஷ்ய புக்ஸ் வைக்கிற ஸ்டால்ல தேடிப் பாருங்க. உடம்பு சரியில்லாம படுத்திருந்த மகளுக்கு அப்பா தன் சின்ன வயசு கோமாளித்தனத்த எல்லாம் சொல்றார், ஆசை ஆசையா வச்சிருந்த பந்த வேணும்னே கார் சக்கரத்துக்கு கீழ உருட்டி விட்டது மாதிரி. சனிக்கிழமை ராத்திரி அவரே உட்கார்ந்து சத்தமா படிச்சுக் காட்டட்டும். படிச்சு முடிச்சதும் நீ என்னப்பா பண்ணினேன்னு அவ கண்டிப்பா கேப்பா, ரெண்டு மூணு யோசிச்சு வச்சுக்கச் சொல்லுங்க. நான் நல்ல பையனா இருந்தேன்னு ஆரம்பிச்சார்னா நம்ப மாட்டா, நேரா ஆயாகிட்ட போய் விசாரிச்சிடுவா.