கோப்பை கையில், கூட்டம் எங்கே?

கேள்வி: ஐயா, என் மகன் டொரோண்டோவில் வேலை செய்கிறான். ஆர்கோநாட்ஸ் என்ற குழுவின் ஆட்டத்துக்குப் போய்ப் படம் அனுப்பினான். பாதி நாற்காலி காலி. 150 வருஷத்துக்கு மேல் பழைய குழுவாம், 2024-ல்கூடக் கோப்பை வாங்கியதாம். ஜெயிக்கிற குழுவுக்கே ஆள் வரவில்லை என்றால் அது எத்தனை நாள் தாங்கும்?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் மகன் பார்த்தது சரிதான் அம்மா. அது நாம் ஆடும் காற்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற கனடிய ஃபுட்பால், பக்கத்துக்கு 12 பேர். ஆர்கோநாட்ஸை 1873-ல் ஒரு படகுக் கிளப் தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது 1877-ல், அதற்கும் நாலு வருஷம் மூத்த குழு இது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 1952-ல் அந்த லீக்கின் பெரிய பரிசான கிரே கோப்பையை வென்றவர்கள் அடுத்து வென்றது 1983-ல். நடுவில் 31 வருஷம் வெறுங்கை. ஆனால் அந்த எழுபதுகளில்தான் பழைய எக்ஸிபிஷன் அரங்கத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். 2012, 2017, 2022, 2024 என்று நாலு கோப்பை வாங்கிய இந்தக் காலத்திலோ பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் பேர்தான். அதனால் தோற்றதால் கூட்டம் கலைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் வேறு. 1977-ல் பேஸ்பால் குழுவான புளூ ஜேஸ் அதே அரங்கத்துக்கு வந்தது. 1995-ல் கூடைப்பந்துக்கு ராப்டர்ஸ், 2007-ல் காற்பந்துக்கு டொரோண்டோ எஃப்சி. எல்லை தாண்டினால் பஃபலோவில் அமெரிக்காவின் பெரிய ஃபுட்பால் லீக். அப்புறம், எனக்கு இன்றும் மனசு ஆறாத ஒன்று: டிக்கெட் விற்கவேண்டும் என்று சொந்த ஊர் ஆட்டங்களை அந்த ஊர்த் தொலைக்காட்சியிலேயே பல வருஷம் மறைத்து வைத்தார்கள். 2008-ல் எல்லா ஆட்டமும் காசு கட்டிப் பார்க்கிற விளையாட்டுச் சேனலுக்குப் போனது. டிக்கெட் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அந்த நீலச் சட்டையைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டது. அந்த நகரத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், ஸ்கார்பரோவில் நம் தமிழர்களே எவ்வளவு பேர், அவர்களையெல்லாம் வாங்க என்று கூப்பிட்டு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை.

பணம் கொட்டியும் பார்த்தார்கள். 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் நடிகர் ஜான் கேண்டியும் புரூஸ் மெக்னாலோடு சேர்ந்து குழுவை வாங்கி, ராக்கெட் இஸ்மாயில் என்ற நட்சத்திர ஆட்டக்காரரைப் பெரும் சம்பளத்தில் கொண்டுவந்து, அந்த வருஷமே கோப்பையும் அடித்தார்கள். இரண்டே பருவத்தில் இஸ்மாயில் போய்விட்டார், கொஞ்ச நாளில் முதலாளிகளும் போய்விட்டார்கள். 2003-ல் முதலாளியால் முடியாமல் லீக்கே குழுவைத் தூக்கி நிறுத்தவேண்டி வந்தது. 2018-லிருந்து ஐஸ் ஹாக்கிக் குழு மேப்பிள் லீஃப்ஸையும் ராப்டர்ஸையும் வைத்திருக்கும் எம்எல்எஸ்இ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அண்ணன்மார் சம்பாத்தியம் இருக்கும்வரை தம்பிக்குச் சோறு உண்டு. தாங்கும் அம்மா, ஆனால் தாங்குவது வேறு, வாழ்வது வேறு.

கேள்வி: சின்ன அரங்கத்துக்கு மாறினால் சரியாகுமா?
(வாசகர், பீடோர்)

பதில்: மொன்றியலில் ஆனது. 1997-ல் யூ2 இசைக்குழுவின் கச்சேரிக்குப் பெரிய ஒலிம்பிக் அரங்கம் போய்விட்டதால், அதே லீக்கில் ஆடும் அலூயட்ஸ் குழு மெக்கில் பல்கலைக்கழகத்தின் சின்னத் திடலுக்கு ஓடியது. கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. மறு வருஷம் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆர்கோநாட்ஸும் 2016-ல் ஸ்கைடோம் என்று முன்பு பெயர் இருந்த பெரிய அரங்கத்தை விட்டு, சின்ன பிஎம்ஓ ஃபீல்டுக்கு வந்தார்கள், கூட்டம் மட்டும் கூடவே வரவில்லை.

கேள்வி: எங்கள் தோட்டம் முழுக்கச் செம்பனை ஆகி, நாங்கள் டவுன் பக்கம் வந்து வருஷமாகிறது. தோட்டத்துப் பெயரில் இன்னும் 14 பையன்கள் காற்பந்து ஆடுகிறார்கள். 2018-ல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக் குழுவே 2025-ல் சூப்பர் லீக்கை விட்டு விலகிவிட்டது. நாங்கள் எதற்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, விட்டுவிடாதீர்கள். கனடாவிலேயே ரெஜைனா என்று ஓர் ஊர், டொரோண்டோவில் பத்தில் ஒரு பங்குகூட ஜனம் இல்லை. அங்கே அதே லீக்கின் சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸ் குழு 1987-ல் கடனில் மூழ்கியபோது தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஊரிடம் கேட்டார்கள், ஊர் கொடுத்தது. இன்றும் அது ஊர்மக்கள் குழுதான். தர்பூசணியைக் குடைந்து தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். குளிர் எலும்பில் ஏறினாலும் வருகிறார்கள்.

நான் வளர்ந்த தோட்டத்தில் சனிக்கிழமை ரப்பர் பால் நிறுத்து முடிந்ததும் அப்பா பால் டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சுண்ணாம்பு நிரப்பி, திடலில் கோடு போடுவார். டின்னைத் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பது என் வேலை. கோடு கோணலானால் அப்பா காலால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார். எனக்கு ஆடவே வராது, ஆனாலும் அந்தக் குழு ஆடின ஒரு ஆட்டத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

உங்கள் 14 பேரையும் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப்பள்ளித் திடலில் இறக்குங்கள். தோட்டத்துப் பெயரைச் சட்டையில் பெரிசாகப் போடுங்கள். பத்து வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளிடம் சுண்ணாம்பு டின்னைக் கொடுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், நானும் வருகிறேன்.