ஆகஸ்ட்டில் திமிங்கிலம் பார்க்க எங்கே போகலாம்?

கல்முனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு திமிங்கிலம் பார்க்கப் போக ஆசை, தெற்குக் கரையில் இருக்கிற மிரிஸ்ஸவுக்கே போகவேண்டுமா, இங்கே கிழக்குக் கரையில் பாசிக்குடா, அறுகம்பை பக்கம் கிடைக்காதா?

மிரிஸ்ஸவை இப்போதைக்கு விடுங்கள். அங்கே சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஆகஸ்ட்டில் தென்மேல் பருவக்காற்றில் அந்தக் கடல் குமுறிக்கொண்டிருக்கும். பாசிக்குடா பிள்ளைகள் குளிக்க அருமை, ஆனால் திமிங்கிலத்தை நம்பிப் போகிற இடமல்ல, அறுகம்பையும் அப்படித்தான். வாகரை, வெருகல், மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போங்கள். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்கடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது, அதனால் கரைக்குக் கிட்டவே ஆழம் வந்துவிடும், நீலத் திமிங்கிலம் இவ்வளவு பக்கத்தில் வருவது அதனால்தான்.

ஆனால் அங்கேயும் நல்ல காலம் மார்ச், ஏப்ரல்தான். ஆகஸ்ட்டில் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்னமே சொல்லிவிட்டு, இரண்டு காலைகளை ஒதுக்கி வையுங்கள், ஒன்று காற்றில் போனாலும் மற்றது இருக்கும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இந்த மாதங்களில் கச்சான் என்கிற தென்மேல் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது, கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகத்தான் தெரியும், வெளியே போகப்போகத்தான் அலை எழும், வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும். விடிந்ததும் புறப்பட்டு பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். அதோடு, நடுக்கடலில் எஞ்சின் நின்றால் இந்தக் காற்று போட்டை வெளியேதான் தள்ளும். அதனால் விலை பேசுவதற்கு முன் போட்காரரிடம் இரண்டாவது எஞ்சின் இருக்கிறதா, பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள், ஜாக்கெட்டை மாட்டியே பாருங்கள். இல்லையென்றால் வேறு போட்.

கடலில் முதலில் தெரிவது திமிங்கிலத்தின் மூச்சுத்தான்: நேராக மேலே எழும் வெள்ளைப் புகை, ஒன்பது மீற்றர்வரை போகும். சில மூச்சுக்குப் பிறகு முதுகு வளைந்து உள்ளே இறங்கினால் பத்து நிமிடமளவு காத்திருக்கவேண்டும். அதைத் துரத்தச் சொல்லிப் போட்காரரை தயவுசெய்து நெருக்காதீர்கள், நூறு மீற்றருக்குள் போகக்கூடாது என்பது சட்டம், எஞ்சினைக் குறைத்து ஒதுங்கி நின்றால்தான் அது அமைதியாக மூச்சு வாங்கும்.

அம்மாவைச் சின்ன போட்டில் ஏற்றவேண்டாம், இடுப்புக்கு ஆகாது. அவரைத் திருகோணமலையில் கடலோர மலைமேல் இருக்கிற கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், அந்த மலை விளிம்பிலிருந்தே திமிங்கிலம் கண்டவர்கள் இருக்கிறார்கள், ஒரு பைனாகுலர் மட்டும் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் டொக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கொடுங்கள், போட்டில் ஏறிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு.