ஒரு வாரம் 1+, மறு வாரம் 2: அம்மாவின் கை இறுக்கம் கூடுகிறதா?

பக்கவாதம் வந்து நான்கு மாதமான அம்மாவின் முழங்கைக்கு, பிசியோதெரபி நோட்டில் ஒரு வாரம் 1+, மறு வாரம் 2 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவன் நான். அந்த நோட்டைப் பார்த்து வீட்டார் முகம் வாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அது தசை இறுக்கத்தை மதிப்பிடும் மாடிஃபைடு ஆஷ்வொர்த் அளவு. 1964-ல் ஆஷ்வொர்த் கொடுத்த அளவில் 1987-ல் பொஹானனும் ஸ்மித்தும் இந்த 1+ஐச் சேர்த்தார்கள். கருவி எதுவும் கிடையாது. தளர்வாகப் படுக்கவைத்து, மடங்கிய கையை ஒரு நொடியில் நீட்டுவோம். கடைசியில் மட்டும் லேசாகத் தடுத்தால் 1. வழியில் சட்டென்று ஒரு பிடி பிடித்து, மிச்சத் தூரத்திலும் லேசாக எதிர்த்தால் 1+. பெரும்பாலான தூரம் எதிர்த்தும் கை சுலபமாக நீண்டால் 2. நீட்டவே சிரமம் என்றால் 3, விறைத்தே இருந்தால் 4. 1+க்கும் 2-க்கும் நடுவே இருப்பது எங்கள் கை உணர்வுதான். இன்னொருவர் பார்த்தாலே எண் மாறலாம். அந்த ஒரு படிக்காகக் கவலைப்படாதீர்கள்.

திடீரென்று கூடினால் மட்டும் காரணம் தேடுங்கள். பத்தமடையில் பாய் முடைந்துகொண்டிருந்த ஒரு ஆச்சிக்கு மூன்று வாரமாக 2 எழுதி வந்தேன். ஒரு நாள் காலையில் கை 3-க்குப் போயிருந்தது. கேட்டுப் பார்த்தால், இரண்டு நாளாக ஆச்சிக்கு நீர்க்கடுப்பு. டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்ததும் கை பழையபடி 2-க்கு வந்துவிட்டது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், தோள் வலி, இதில் எது இருந்தாலும் தசை இறுகும். குளிரிலும் இறுகும். "நேத்து ராத்திரி சரியா தூங்கல" என்பதைக்கூட பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த எண்ணுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பக்கவாதத்துக்குப் பின் வரும் இந்த இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது. வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கும், மெதுவாக இழுத்தால் விடும். மெதுவாக இழுத்தும் கை அதே இடத்தில் நின்றுவிட்டால், தசையே சுருங்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். டார்டியூ முறையில் இரண்டு வேகத்திலும் இழுத்து, கை நிற்கும் கோணத்தைக் கோணமானியால் அளப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரைக்கோ போட்டாக்ஸ் ஊசிக்கோ அங்கே வேலை இருக்கிறது. வித்தியாசம் குறைவென்றால் நீட்டிப் பிடிக்கும் பயிற்சியும், கையை நீட்டியபடி தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டும்தான் முக்கியம். எனக்கு ஆஷ்வொர்த் எண்ணைவிட இந்த இரண்டு கோணங்கள்தான் அதிகம் உதவியிருக்கின்றன. அடுத்த முறை அவற்றை அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

முடிந்தவரை ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி படுக்கவைத்து, பயிற்சி தொடங்கும் முன்பே பார்க்கட்டும். நாலைந்து முறை நீட்டிய பிறகு பார்த்தால் கை இளகியிருக்கும்.

நீங்களும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: இன்று உள்ளங்கையைக் கழுவ முடிந்ததா, ரவிக்கைக்குள் கையை நுழைக்க எவ்வளவு நேரம் ஆனது. ஆச்சி வீட்டில் அவர் மகள் அதை எழுதித்தான் வைத்திருந்தார். நான் போனதும் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.