கேள்வி-பதில்: நண்பன் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கும்போது

கேள்வி: என் நண்பன் கல்யாணம், காதுகுத்துக்கு வீடியோ எடுக்கிறான். எடிட்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, நீயே பார்த்து வாங்கி மாட்டிக் கொடு" என்று 80,000 ரூபாயை அனுப்பிவிட்டான். எதில் காசைப் போடுவது, எதில் குறைப்பது?
– கோவை வாசகர்

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள். கேமராவில் எந்த ஃபார்மட்டில் எடுக்கிறார்? இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் எச்.265 (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரம் அதிகம்) என்று பதிவு செய்யலாம். அந்த ஃபைலை எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டு ஓட்ட, அதைப் பிரித்துக் காட்டும் வசதி சிப்பிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை உயர்ந்த மெஷினும் திக்கித் திணறும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல், உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் இந்த வசதி உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியாவோ 2025-இல் வந்த 50 வரிசைக் கார்டுகளில்தான் இதைக் கொண்டுவந்தது. எனவே இவருக்கு இன்டெல் ஐ5 போதும். ஆனால் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கக் கூடாது. எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. "ஆயிரம் ரூபாய் மிச்சம் சார்" என்று கடையில் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

ராம் 32 ஜிபி, 16 ஜிபியாக இரண்டு. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. பட்ஜெட் இடித்தால் வண்ண விளக்கு, கண்ணாடிக் கதவு, வாட்டர் கூலர் மூன்றையும் வெட்டுங்கள். விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்), ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு இன்னொன்று, முடிந்த வேலையைப் போட்டு வைக்க ஹார்ட் டிஸ்க். ஊரார் வீட்டுக் கல்யாணத்தை ஒரே டிஸ்கில் வைத்திருப்பது பெரிய ஆபத்து. அவருக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள். பில் எல்லாம் அவர் பேரில், அவர் செல் நம்பரோடு இருக்கட்டும். வாரண்டிக்கு அலையப் போவது அவர்தான்.

எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் டப்பா, பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், நீங்களும் படியுங்கள்.

கேள்வி: புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினேன். கேம் முன்பு ஓடிய அதே வேகத்தில்தான் ஓடுகிறது. கார்டு போலியா?
– ஈரோடு

பதில்: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். பிடுங்கி கார்டில் செருகுங்கள்.

கேள்வி: என் பையன் காலேஜ் சேர்ந்ததும் 'ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, புத்தம் புதுசு' என்று சொன்ன கடையில் 19,000 ரூபாய்க்கு கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது. பையனின் நண்பர்கள் பார்த்துவிட்டு 'இது ரொம்பப் பழசு ஆன்ட்டி' என்கிறார்கள். கடையில் கேட்டால் 'ஐ7 என்றுதானே சொன்னோம், ஐ7தானே இருக்கிறது' என்கிறார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் என்ன செய்ய?
– மதுரையிலிருந்து ஒரு அம்மா

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தெரியாதவர் வருவார் என்று காத்திருந்து விற்றிருக்கிறார்கள்.

ஐ7 என்பது வரிசையின் பெயர் மட்டும்தான். எந்த வருடத்துச் சரக்கு என்பது அதற்குப் பிறகு வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-2600 என்றால் 2011, ஐ7-3770 என்றால் 2012. ஆபீஸ்களில் கழித்துப் போட்ட மெஷின்களிலிருந்து இந்த ப்ராசஸர்களைக் கழற்றி, பேர் தெரியாத புது போர்டில் உட்கார வைத்து, பளபளப்பான கேபினட்டில் அடைத்துக் கொடுக்கிறார்கள். இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை, ஓரிரு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது.

பையனை கம்ப்யூட்டரில் 'சிஸ்டம்' பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ப்ராசஸர் பெயர் முழுதாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். கடை விளம்பரம், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியது, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பழைய பொருளைப் புதிது என்று சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணத்தைத் திருப்பிக் கேட்டு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். விட்டுவிடாதீர்கள், அடுத்த வாரம் இன்னொரு அம்மா அதே கடைக்குள் நுழைவார்.

கேள்வி: நண்பனுக்காக அசெம்பிள் செய்கிறேன். கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் சேர்த்தே தருகிறார்கள். தனியாக 3,500 ரூபாய் கொடுத்து வாங்கச் சொல்கிறான் இன்னொருவன். வாட் ஒன்றுதானே, எதற்கு வீண் செலவு?
– திருச்சி வாசகர்

பதில்: ஸ்டிக்கரில் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பி நீங்கள் வாங்கப் போகிறீர்கள். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் என்ற பத்திக்குக் கீழே எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுதாக அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. 12 வோல்ட், 14 ஆம்ப் என்றிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 168 வாட். ஸ்டிக்கரில் இருக்கும் 500-இல் உங்களுக்கு உதவப் போவது அவ்வளவுதான், அதுவும் கட்டத்தில் போட்டிருப்பது உண்மையாக இருந்தால். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு நேராக 45 ஆம்ப் போல இருக்கும், அதாவது 540 வாட். இந்தக் கட்டமே இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

கையில் எடுத்தும் பாருங்கள். வெயிட் இல்லாமல் இருந்தால் உள்ளே சாமான் இல்லை. என் தங்கை வீட்டு மெஷினுக்கு இப்படி கேபினட்டோடு வந்ததைத்தான் ஒரு கடையில் வாங்கினேன். ஒரு சாயங்காலம் டப்பென்று சத்தம். போர்டும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தே போயின. குழந்தையின் முதல் வருடப் போட்டோக்கள் அந்த டிஸ்கில் இருந்தன. செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மெக்கானிக் பிரித்துக் காட்டினார். கரண்ட் நுழையும் இடத்தில் ஃபில்டர் காயிலுக்கென்று போர்டில் வட்டம் போட்டு எண்ணும் அச்சடித்திருக்கிறது. காயில் இல்லை, அதற்குப் பதில் துண்டு வயரை வைத்து சால்டர் செய்திருந்தார்கள். வடிவமைத்தவருக்கு அந்தக் காயில் தேவை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தே விட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று இல்லை. 5 வருட வாரண்டி தரும் கம்பெனியாகப் பாருங்கள். நம் ஊர்களில் கோடையில் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்தைத் தாங்க வேண்டியது இந்த டப்பாதான். 3,500 ரூபாயில் கணக்குப் பார்த்து, மீதிச் சாமானை எல்லாம் அதன் கையில் கொடுக்கிறீர்கள். அதுவும் நண்பன் காசு.

கேள்வி: ஆன்லைன் ஆஃபரில் டிடிஆர்5 ராம் எடுத்துவிட்டேன். என் போர்டு டிடிஆர்4. கொஞ்சம் அழுத்தினால் உட்காருமா?
– சேலம்

பதில்: உட்காராது. அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரமும் வேறு: டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2. அழுத்தினால் ஸ்லாட் உடையும், போர்டும் போகும். பெட்டியைப் பத்திரமாக மூடி, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். போர்டின் மாடல் பெயரைத் தட்டினால் எந்த ராம் ஏற்கும் என்று முதல் பக்கத்திலேயே வரும். அதைப் படிக்காமல் ஆஃபரைப் பார்த்து வாங்குகிறவர்கள் வாரா வாரம் எனக்கு எழுதுகிறீர்கள். படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு வாங்கினேன். மூன்றாம் நாளே உயிர் இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். அவ்வளவுதானா?
– வேலூர் வாசகர்

பதில்: இல்லை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் அதே 2019 சட்டம் முறையற்ற வணிகம் என்றுதான் சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. இதைச் சொல்லி, பழுது என்று எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் 1915.

ஆனால் கடையில் முதலில் ப்ராசஸர் சாக்கெட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். இன்டெல் போர்டில் பின்கள் போர்டிலேயே இருக்கின்றன, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டிலும் அப்படித்தான். ஒரு பின் வளைந்திருந்தாலும் 'கஸ்டமர் டேமேஜ்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே போர்டு வாங்குகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: கடையிலேயே பெட்டியைப் பிரித்து, சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து போட்டோ எடுங்கள். அந்த மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாவிட்டால் வாங்க மறுப்பார்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18% மிச்சமாகும் என்கிறார் கடைக்காரர். நண்பனும் சரி என்கிறான்.
– நாகர்கோவில்

பதில்: வேண்டாம். நாளைக்குக் கார்டு செத்தால் அவரிடம் வாங்கியதற்கு எந்தத் தடயமும் இருக்காது. பில் வாங்குங்கள். அதில் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பனுக்கு மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரில், வெறுங்காலோடு நின்று கேபினட் ஸ்க்ரூவைத் தொட்டால் சுர்ரென்கிறது என்கிறான். என் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ் மாற்றவா?
– விருதுநகர்

பதில்: அனேகமாக எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருக்கும். அவர் வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் லேசான கசிவை எர்த்துக்குத் தள்ளும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினட்டிலேயே தங்கி, உடம்பு வழியாக இறங்கும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்டில் எர்த் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகும் வரை மெஷினை ஓட்ட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கியே வைக்கச் சொல்லுங்கள்.